பாத்துக்கோ, வரேன்

சவரி,

நேரில் பேசினால் நாம் இரண்டு பேரும் கத்துகிறோம். போன ஞாயிற்றுக்கிழமை வந்தாய், உட்கார்ந்தாய். உன் அம்மா வைத்த வஞ்சிரக் குழம்பில் இரண்டு வாய்கூட உள்ளே போகவில்லை, அதற்குள் நான் ஒன்று சொல்ல, நீ ஒன்று சொல்ல, கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டாய். வாசலில் செருப்பை மாட்டும்போது, "நைனா, நீ வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும், வேற ஒண்ணும் வாணாம்" என்று சொல்லிவிட்டுப் போனாய். அந்த ஒரு வார்த்தைதான் அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்காமல் பண்ணுகிறது. கடிதத்தில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. நானும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓட முடியாது. இராயபுரத்திலிருந்து பக்கத்திலேயே டோல்கேட்டில் இருக்கிற மகனுக்குத் தபால் போடுகிற முதல் பைத்தியக்காரன் நானாகத்தான் இருப்பேன். தபால்காரன் சிரிப்பான், சிரிக்கட்டும்.

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் பஞ்சாயத்துக்கு மேஸ்திரி வீட்டில் உட்காரப் போகிறீர்கள். நீ ஒரு பக்கம், வேலு ஒரு பக்கம். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போட்ட லேத் பட்டறையில் வேலு இன்னும் கூட்டாளிதானா இல்லையா என்பதுதான் வழக்கு. ஏழு மாதத்துக்கு முன்னால் மீஞ்சூரில் அவன் அப்பா பக்கவாதத்தில் விழுந்துவிட்டார் என்று சேதி வந்து வேலு கிளம்பினான். அன்றைக்கு நான் பட்டறையில்தான் இருந்தேன். தார்ப்பாயில் கயிறு கோக்கத் துளைக் கண் அடிக்கிற உளி மழுங்கிவிட்டது, தீட்டிக்கொண்டு போகலாம் என்று வந்து உன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். வேலு பஞ்சில் கையைத் துடைத்தான், பையைத் தோளில் மாட்டினான், "பாத்துக்கோ சவரி, வரேன்" என்றான். என் பக்கம் திரும்பி, "வரேன் நைனா" என்றான். போய்விட்டான். ஏழு மாதம் ஒரு கார்டு கிடையாது. அப்பா போய்ச் சேர்ந்து, காரியமெல்லாம் முடித்து, தங்கச்சிக்கு ஒரு வழி பண்ணிவிட்டு இப்போது வந்து நிற்கிறான். "அல்லாத்தையும் வுட்டுட்டுப் போனவன் நீ" என்கிறாய் நீ. "வரேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்" என்கிறான் அவன். அதற்கு நீ என்ன பதில் சொன்னாய் என்பது டோல்கேட்டுக்கே தெரியும்: "போறவன் எவன்டா போறேன்னு சொல்லுவான்? அல்லாரும் வரேன்னுதான் சொல்லுவான்."

இந்தப் பதிலை நீ என்னிடம் பெருமையாகச் சொன்னபோது நான் ஏன் எழுந்து கொல்லைப் பக்கம் போனேன் என்று உனக்குத் தெரியாது. உன்னைப் பார்க்கப் பிடிக்காமல் போகவில்லை. அதே வாக்கியத்தை, அதே மேஸ்திரி முன்னால், என்னைப் பார்த்து ஒருவர் சொல்லியிருக்கிறார். அவர் காதர் பாய். இப்போது வேலு நிற்கிற இடத்தில் அன்றைக்கு அந்த வழக்கில் நின்றவன் நான்.

காதர் பாய் என் கூட்டாளி என்பதும், சண்டையில் பிரிந்துவிட்டோம் என்பதும் உனக்குத் தெரியும். மிச்சத்தை நான் உனக்குச் சொன்னதில்லை. நீ கேட்டபோதெல்லாம், "அவரு போய்ட்டாரு, அவ்ளோதான்" என்று வாயை அடைத்திருக்கிறேன். இப்போது சொல்லாமல் முடியாது. வேலு மேஸ்திரியிடம் என்ன சொல்லியிருக்கிறான் என்று உனக்கே தெரியும்: "சவரி சத்தியம் வாணாம். நைனா அன்னிக்கு அங்க குந்திகினு இருந்தாரு. நான் திரும்பி வர்ற மாதிரி சொன்னேனா, கைகழுவிட்டுப் போற மாதிரி சொன்னேனா, அவரு சத்தியம் பண்ணி சொல்லட்டும். அவரு சொல்றதுக்கு நான் கட்டுப்படறேன்." நீ அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாய். சொந்த அப்பனையே சாட்சியாக ஒத்துக்கொண்டானே, ஏமாந்தவன் என்று நினைத்தாய். மேஸ்திரியின் முறை உனக்குப் புதிது, எனக்குப் பழசு. சத்தியத்துக்கு விட்டவன், சத்தியம் நடந்த பிறகு வாயைத் திறக்கக் கூடாது. சத்தியம் பண்ண வேண்டியவன் மாட்டேன் என்றால், அவன் எந்தப் பக்கத்து ஆளோ அந்தப் பக்கம் தோற்றுவிட்டது என்று அர்த்தம். அப்பீல் கிடையாது, வக்கீல் கிடையாது. துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவன் முதல் மரக்கிடங்குக்காரன் வரை இந்தப் பக்கத்தில் எத்தனையோ சண்டையை மேஸ்திரி இப்படித்தான் அரை நாளில் தீர்த்திருக்கிறார்.

ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று பட்டணமே காலியானதே, அந்த வருஷம். நீ பெரிய பையன், உனக்கு ஞாபகம் இருக்கும். உன்னையும் அம்மாவையும் நான் நாலு நாள் முன்னாலேயே செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம், அவள் ஊருக்கு ரயிலேற்றிவிட்டேன். நான் மட்டும் இருந்தேன். எனக்கும் காதர் பாய்க்கும் அப்போது துறைமுக மதிலை ஒட்டி ஒரு கொட்டாய். கப்பல் சரக்கை மூடுகிற தார்ப்பாய் தைப்போம். தைக்கிறது நான். கித்தான் துணி பிடித்து வருவது, வேலை பிடித்து வருவது அவர். பதினோரு வருஷம் ஒரு தாள் எழுதினதில்லை, ஒரு சாட்சி வைத்ததில்லை. நாங்கள் இரண்டு பேரும் கூட்டு என்பதற்கு அடையாளம், இரண்டு பேரும் தினம் அங்கே வந்து உட்கார்ந்ததுதான். நாங்கள் சண்டையே போட்டதில்லை என்று நினைக்காதே. நூலுக்கு மெழுகு அதிகம் போடுகிறேன் என்று அவர் கத்துவார், கித்தான் இத்துப்போனது என்று நான் கத்துவேன். மத்தியானம் ஒரே டீக்கடைக்குப் போய்விடுவோம். சண்டையைத் தீர்ப்பது என்று ஒரு வேலை இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது.

அந்தக் காலையில் சங்கு ஊதிற்று. ஒத்திகையா நிஜமா என்று யாருக்கும் தெரியவில்லை. நான் பயந்துவிட்டேன், சவரி. நான் தைரியசாலி என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால் இன்றோடு விட்டுவிடு. ஊசிப் பெட்டியை எடுத்தேன். உள்ளங்கையில் மாட்டுகிற தோல்பட்டையை எடுத்தேன். கதவண்டை நின்றிருந்த காதர் பாயிடம், "அல்லாத்தையும் நீ பாத்துக்கோ பாய், நான் வரேன்" என்றேன். ஓடினேன். அவ்வளவுதான் நடந்தது. அந்த வாக்கியத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஒன்றும் கிடையாது. ஆயிரம் தரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன்.

ஒரு மாதத்திலேயே பாதிப் பேர் பட்டணத்துக்குத் திரும்பிவிட்டார்கள். குண்டும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் பத்து மாதம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்காதே. ஊரில் மாமனார் நிலத்தில் வேலை இருந்தது, உனக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது, எனக்குப் பயம் இருந்தது. எது முதல் காரணம் என்று எனக்கே தெரியாது. காதர் பாய்க்கு ஒரு கார்டு போட்டேனா? இல்லை. வேலு ஏழு மாதம் கார்டு போடவில்லை என்று நீ குதித்தாயே, அப்போது நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கு இதுதான் காரணம்.

உங்களையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால் கொட்டாய் அந்த இடத்திலேயே இல்லை. பட்டாளத்துக்காரன் இடத்தை எடுத்துக்கொண்டான். பாய் கித்தானையும் கட்டையையும் சுமந்துகொண்டு தண்டையார்பேட்டை பக்கம் போய்ப் பெரிய கொட்டாயாகப் போட்டிருந்தார். கூடாரம் தைக்கிற வேலை. ஒன்பது பேர் வரிசையாக உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். என் வயசு ஆள் ஒருவன் சன்னலோரம், வெளிச்சம் நல்லா விழுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தான். பழைய கொட்டாயில் அது நான் உட்காருகிற இடம். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எப்படி இருக்கே, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. "யாரைக் கேட்டு ஆள் வெச்ச?" என்றுதான் ஆரம்பித்தேன். அவரும் சும்மா இருப்பாரா? "நீ பாத்துக்கோன்னு சொன்ன. பாத்துக்கினேன். இப்ப வந்து யாரைக் கேட்டன்றியே, இன்னா மாமு இது?" என்றார். மூன்று நாள் இழுத்தது. நாலாவது நாள் மேஸ்திரியிடம் போனோம்.

மேஸ்திரி அப்போது ஆள் திடமாக இருப்பார், காதும் கேட்கும். இரண்டு பேரையும் பேசவிட்டார். நான், "வரேன்னு சொன்னேன், வந்துட்டேன், என் கொட்டாய்ல எனக்குப் பங்கில்லையா?" என்றேன். அப்போதுதான் காதர் பாய் சொன்னார்: "போறவன் எவன் போறேன்னு சொல்றான் மேஸ்திரி? எங்க வாப்பா மவுத்துக்கு மின்னாடி ஆஸ்பத்திரிக்குப் போக சொல்லோகூட வரேன்னுதான் சொன்னாரு. அத்த வெச்சிகினு நாங்க வாசல்ல குந்திகினா இருந்தோம்?" மேஸ்திரி சிரித்துவிட்டார். பிறகு பாய் இன்னொன்று கேட்டார்: "திரும்பி வர்றவன் ஊசிப் பெட்டிய ஏன் எடுத்துகினு போனான்? அத்த சொல்லச் சொல்லு." ஊசி இல்லாமல் நான் எங்கேயும் போனதில்லை என்றேன். அது உண்மைதான். அது பதிலா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "சொன்னது இன்னான்னு ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் சொல்றீங்க. அதுல தகராறு இல்ல. இவன் மனசுல இன்னா வெச்சிகினு சொன்னான்னு எனக்கு இன்னாய்யா தெரியும்?" என்றார். அப்போது காதர் பாய் எழுந்தார். "மாமு, உன் கோயில் வாசல்ல நின்னு சொல்லு. அன்னிக்கு திரும்பி வர்ற நெனப்புல, எனக்காகக் காவல் காத்துகினு இருன்னுதான் சொன்னியா? ஆமான்னு சத்தியம் பண்ணிடு. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்றார். மூன்று பேரும் நடந்தோம். நல்ல வெயில். கோயில் வாசலில் நின்று, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "ஆமாம், சத்தியம்" என்றேன். முழுசாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சர்தான். கொட்டாய் உன்னுதும்தான். ஆனா இனிமே உன்கூட ஒண்ணா குந்தி என்னால வேலை செய்ய முடியாது. நீயே வெச்சிக்கோ" என்று சொல்லி, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்துவிட்டார். அந்த ஒன்பது பேரோடு, கூடார வேலையோடு, எல்லாவற்றையும் எனக்கு விட்டுவிட்டு நடந்தார். நான் கேட்டது பாதி. கிடைத்தது முழுசு. நீ படித்தது, வளர்ந்தது, லேத் வேலை கற்றுக்கொண்டது எல்லாம் அந்தக் கொட்டாய்க் காசில்தான்.

அன்று சாயங்காலம் உன் அம்மாவிடம் ஜெயித்துவிட்டேன் என்று சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "ஊர்ல நான் எப்போ பட்டணம் போறோம்னு கேட்டப்போ, இனிமே எங்க போறதுன்னு சொன்னியே, அது யாரு?" என்றாள். நான் அப்படிச் சொன்னதே இல்லை என்றேன். சொன்னாய் என்றாள். சரி, சொல்லியிருந்தால் அவளுக்கு ஊரிலேயே இருக்க ஆசை என்று நினைத்து அவள் மனசுக்காகச் சொல்லியிருப்பேன் என்றேன். "எனக்கா? நான் நாளெண்ணிக்கினு இருந்தேன்யா அங்க" என்றாள். நான் துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டேன். உனக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று அவள் அடிக்கடி கேட்கிறாள், அவளுக்கே தெரியும்.

இப்போது நீ கேட்பாய், நீ பொய்ச் சத்தியம் பண்ணினாயா நைனா என்று. அதுதானே எனக்குத் தெரியவில்லை! பொய் என்று தெரிந்து பண்ணியிருந்தால் கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி முடித்திருப்பேன். ஒரு தரம் போகவும் போனேன். சாமியார், "மகனே, நீ சொன்னது பொய்யா?" என்று கேட்டார். தெரியவில்லை சுவாமி என்றேன். தெரியாததற்கு எப்படி மன்னிப்புக் கொடுப்பது என்று அவரும் குழம்பிப்போய், எதற்கும் இருக்கட்டும் என்று ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை சொல்லச் சொன்னார். சொன்னேன். ஓடுகிறவன் மனதில் அர்த்தம் இருக்குமா, சவரி? கால் மட்டும்தான் இருக்கும். சங்கு ஊதியபோது என் வாயில் வந்தது, தினம் மத்தியானம் சோற்றுக்கு வீட்டுக்குப் போகும்போது சொல்கிற அதே வார்த்தை. அதற்குள் இரண்டு அர்த்தம் இருக்கிறது என்று மேஸ்திரி வீட்டில்தான் எனக்கே தெரிந்தது. சத்தியம் பண்ணின பிறகு, ஆமாம், காவல் என்றுதான் சொன்னேன் என்று நான் நம்பவும் ஆரம்பித்துவிட்டேன். இரண்டு மூன்று வருஷம் நன்றாகவே நம்பினேன்.

வாய்வார்த்தையில் கூட்டு வைத்ததுதான் தப்பு, எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள் என்று உனக்குப் புத்தி சொல்லலாம் என்றுதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். அதற்குள் எண்ணூர் ஆரோக்கியம் மாமா ஞாபகம் வந்து தொலைத்தார். மாமாவும் அவர் கூட்டாளியும் கிளிஞ்சல் ஏற்றுகிற படகை முத்திரைத்தாளில், வக்கீல் வைத்து, இங்கிலீஷிலும் தமிழிலும் எழுதித்தான் வாங்கினார்கள். மழை முடிந்ததும் படகு கூட்டாளியிடமிருந்து மாமாவுக்குப் போக வேண்டும் என்று எழுத்து. மழை எப்போது முடிகிறது? கார்த்திகை போனால் முடிந்தது என்கிறார் மாமா. கால்வாயில் தண்ணீர் வடிந்தால்தான் முடிந்தது என்கிறார் கூட்டாளி. கோர்ட்டில் கேஸ் நடக்கிறது நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது. படகு கரையில் கிடந்து இற்றுப்போய்விட்டது, அதில் நண்டு குடியிருக்கிறது. ஆனால் வாய்தா நாளில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் போகிறார்கள், ஒரே ஓட்டலில் தோசை தின்கிறார்கள், திருநாளுக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் வருகிறார்கள். நாங்கள் அரை நாளில் தீர்த்துக்கொண்டோம், முகத்தில் விழிப்பதில்லை. அவர்கள் தீர்த்துக்கொள்ளவே இல்லை, ஒன்றாகத் தின்கிறார்கள். இதிலிருந்து நீ என்ன கற்றுக்கொள்வாய் என்று கேட்டால், எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை.

காதர் பாயை நான் அப்புறம் ஒரே ஒரு தரம்தான் பார்த்தேன். யானைக்கவுனியில் கித்தான் மண்டிக்குப் போயிருந்தேன். அவர் வெளியே வந்தார், நான் உள்ளே போனேன். ஒதுங்கவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. அவரே கையைப் பிடித்து டீ குடிக்க இழுத்துக்கொண்டு போனார். தாடி நரைத்திருந்தது. வண்ணாரப்பேட்டையில் மருமகனோடு தோல் கிடங்கில் இருப்பதாகச் சொன்னார். நான் தம்ளரை வைத்துவிட்டு, "பாய், அன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "நீ சத்தியம் பண்ண சொல்லோ உன் மூஞ்சியத்தான் பாத்துகினு இருந்தேன் மாமு. உனக்கே தெரியலன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுது" என்றார். "அப்புறம் ஏன் வுட்ட? அங்கியே கேக்கறதுதானே?" என்றேன். "சத்தியத்துக்கு வுட்டவன் நான்தானே. கேட்டுட்டு, உன் சத்தியம் செல்லாதுன்னு சொல்றதுக்கு நான் இன்னா கலீஜ் பையனா?" என்றார். பிறகு அவரே சொன்னார்: "உன்ன மட்டும் சொல்லி இன்னா? நீ திரும்பி வர மாட்டன்னு நெனச்சிகினு ஆள் வெச்சேனா, வரக் கூடாதுன்னு நெனச்சிகினு வெச்சேனான்னு என்னைய ஒருத்தரும் சத்தியம் கேக்கல. கேட்டிருந்தா நானும் உன்ன மாதிரிதான் முழிச்சிருப்பேன்." டீக்குப் பிறகு எழுந்தார். "வரேன் மாமு" என்றார். நான் அந்த வார்த்தையைக் கேட்டுச் சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார், இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர். அவர் போய்விட்டார். அதற்கப்புறம் நான் வண்ணாரப்பேட்டை பக்கம் போகவில்லை. போயிருக்கலாம். என்ன தடுத்தது என்று கேட்டால், வெட்கம். சுத்தமான வெட்கம்.

இப்போது வேலுவுக்கு வருகிறேன். அந்த நாளை எனக்குத் தெரிந்தமட்டும் உனக்குச் சொல்கிறேன். அவன் அளவு பார்க்கிற காலிப்பரைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டான். நீ அதைப் பிடித்துக்கொண்டு, "சாமானை எடுத்துகினு போனான் பாத்தியா" என்கிறாய். மற்ற சாமான் எல்லாம் ஆணியில் அப்படியே தொங்கிற்று. அவன் சட்டை ஒன்றும் தொங்கிற்று. "பாத்துக்கோ" என்றபோது லேத்தைப் பார்த்தானா, உன்னைப் பார்த்தானா? எனக்கு ஞாபகம் இல்லை. "வரேன்" என்றபோது குரல் எப்படி இருந்தது? அப்பா விழுந்துவிட்டார் என்று கேட்டவன் குரல் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. நீ என்ன பதில் சொன்னாய் என்பது மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீ லேத்தை நிறுத்தாமலே, "சரி" என்றாய். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம், சவரி? அதை மேஸ்திரி கேட்கவில்லை. வேலு கேட்கவில்லை. நான் கேட்கிறேன். போய்வா என்றா, போய்விடு என்றா? முதல் மாதம் அவனுக்காகக் காத்திருந்தாயா? எந்த நாளில் காத்திருப்பதை விட்டாய்? எண்ணூர்க் கழிமுகத்து மோட்டார் படகுக்காரர்கள் வேலை கொண்டுவர ஆரம்பித்த நாளா? எனக்கு இது தெரியாது. கோபப்படாதே, உனக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

நீ சொல்லுவாய், ஏழு மாதம் ராப்பகலாக உழைத்தது நான், வேலை பிடித்தது நான், இப்போது அவன் வந்து பாதியில் உட்காருவானா என்று. நியாயம்தான். காதர் பாயும் அதைத்தான் சொன்னார், அதுவும் நியாயம்தான், அதை நான் ஒரு சத்தியத்தால் வாயடைத்தேன். வேலு சொல்லுவான், அப்பன் சாகக் கிடக்கும்போது கார்டு போடுகிற புத்தி யாருக்கு இருக்கும் என்று. அதுவும் நியாயம்தான். இரண்டு நியாயத்தையும் வைத்துக்கொண்டு ஒரு அப்பன் உனக்கு வழி சொல்ல வேண்டும். எனக்கு வழி தெரியவில்லை. தெரிந்த மாதிரி நடிக்க இந்த வயசில் எனக்குத் தெம்பு இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன், அதுவும் சரியா என்று தெரியாது: சண்டையில், "நீ இன்னா நெனச்சு சொன்ன?" என்ற கேள்விக்கு மட்டும் போகாதீர்கள். அதற்குப் பதில் எவனிடமும் இருக்காது. கேட்டால் எவனும் ஒன்றைச் செய்து கொடுப்பான். இனிமேல் என்ன செய்யலாம் என்று கேட்டால் அதற்கு இரண்டு பேரிடமும் பதில் இருக்கும், அடித்துக்கொண்டாலும் பதில் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நான் வருவேன். மேஸ்திரி கேட்பார், அவருக்குக் காது கேட்காது, உரக்கவே சொல்வேன். வேலு சொன்னது, "பாத்துக்கோ சவரி, வரேன்." இதைத்தான் கேட்டேன், இதைத்தான் சொல்வேன். அவன் மனதில் என்ன இருந்தது என்று சத்தியம் பண்ணச் சொன்னால், தெரியாது, பண்ண மாட்டேன் என்பேன். அந்த நிமிஷமே உன் பக்கம் தோற்றுவிடும். வேலு மறுபடி சரிபாதி கூட்டாளி. அவன் உள்ளே வந்தால் நான் வெளியே என்று ஊரறிய நீ சொல்லியிருக்கிறாய். நீ என் பிள்ளை, வீம்புக்கு வெளியே போய்விடுவாய் என்று எனக்குத் தெரியும். என் ஒரு வார்த்தையில் உன் பட்டறை போகும். சொந்த அப்பனே கவிழ்த்துவிட்டான் என்று டோல்கேட்டில் பேசுவார்கள். நீ இந்த வாசலை மிதிக்காமல் இருந்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. உன் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் அழுதாள். பண்ண வேண்டாம் என்று அவளும் சொன்னாள். பிறகு பண்ணிடு என்றாள். பிறகு எனக்குத் தெரியாது, நீங்க அப்பனும் பிள்ளையும் எப்படியாவது போங்கள் என்றாள்.

நாளை வியாழன். அன்றைக்கே இது கையில் கிடைத்தால் உனக்கு வெள்ளி, சனி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் மேஸ்திரியும் இல்லாமல், நானும் இல்லாமல், நீயும் வேலுவும் உட்காரலாம். என்ன பேசுவீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஒன்றாக உட்காரவே முடியாமல் போகலாம். ஆனால் எழுதி முடிக்கும்போது இன்னொரு குழப்பம் வந்துவிட்டது. நான் சத்தியம் பண்ண மாட்டேன் என்று உனக்கு மட்டும் முன்கூட்டிச் சொன்னால், தான்தான் ஜெயிக்கப் போகிறோம் என்று தெரியாத வேலுவிடம் நீ ஓடிப்போய்ச் சமாதானம் பேசி எதையாவது வாங்கிக்கொள்ளலாம். அது அவனுக்கு நான் பண்ணுகிற மோசம். என் வாயை நம்பிப் பட்டறையையே பணயம் வைத்தவன் அவன். அதனால் இந்தக் கடிதத்தை மடிப்பதற்கு முன்னால், வேறு தாள் எடுத்து, இதையே ஒரு எழுத்து விடாமல், மேலே இருக்கிற உன் பெயரைக்கூட மாற்றாமல் எழுதப் போகிறேன். அது வேலுவுக்கு. நீ இதைப் படிக்கும் நேரத்தில் அவனும் படித்துக்கொண்டிருப்பான்.

உன் நைனா